ஸ்பெயின் கோட்டைகள்: படிக்கும்போதும் பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகோவியா நகரத்து அல்காசார் கோட்டையின் படம் இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. கீழே பெரும்பாலும் ஒரே வரி: "12ஆம் நூற்றாண்டுக் கோட்டை". 12ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அந்தக் கோட்டை இடம்பெறுவது உண்மைதான். ஆனால் படத்தில் நம் கண்ணை முதலில் இழுப்பவை கூம்பு கூம்பாக நிற்கும் கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள். அவற்றை அங்கே கொண்டுவந்தவர் 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ஃபிலிப் மன்னர். அந்தக் கூரைகளும் 1862இல் தீக்கிரையாயின. அப்போது கோட்டைக்குள் பீரங்கிப் படை அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. இன்று நாம் பார்ப்பது அந்தத் தீக்குப் பிறகு மறுபடி கட்டியது. 1474 டிசம்பரில், இடைக்கால ஸ்பெயினின் பெரிய கிறிஸ்தவ அரசான காஸ்டைலின் அரசியாக இசபெல்லா அறிவிக்கப்பட்டபோது செகோவியா மக்கள் அண்ணாந்து பார்த்த கோட்டைக்கு இந்த உருவமே கிடையாது.

ஸ்பெயின் கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. ஒரு கோட்டைக்கு ஒரு தேதி, ஒரு மன்னர், ஒரு மதம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். எந்தச் சுவரை யார் எழுப்பினார், அதை யார் இடித்தார், மறுபடி கட்டியவர் யார் என்று துண்டு துண்டாகக் கேட்டால்தான் அந்த வரலாறு பிடிபடும்.

வட ஸ்பெயினில் தனி அரசாக இருந்த நவார் நாட்டு ஒலிட்டே அரண்மனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1387 முதல் 1425 வரை ஆண்ட மூன்றாம் கார்லோஸ் அதை ஐரோப்பாவே வியக்கும்படி கட்டினார். 1813இல், நெப்போலியனின் படை உள்ளே புகுந்து அரண் அமைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஸ்பானியத் தளபதி எஸ்போஸ் இ மினாவே அதற்குத் தீ வைக்கச் சொன்னார். நூறாண்டுக்கு மேல் பாழாகக் கிடந்த இடத்தை 1937 முதல் திரும்ப எழுப்பினார்கள். அதனால் அது போலி ஆகிவிடாது. பழைய அடித்தளத்தையும் எஞ்சிய சுவர்களையும் ஒட்டியே வேலை நடந்தது. பாஸ்க் பகுதியின் பூட்ரோன் கோட்டையோ முற்றிலும் வேறு கதை. ஒரு பழைய கோபுரம் நின்ற இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் கூபாஸ் பிரபு என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மானியப் பாணியில் எழுப்பிய கற்பனை மாளிகை அது. "இடைக்கால ஸ்பெயின்" என்ற தலைப்பில் அதன் படத்தைப் போடுவது தவறு.

சிலுவைக்கும் பிறைக்கும் 800 ஆண்டுப் போர்?

இதுதான் ஆகப் பெரிய தவறு. 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தில் (இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும்) இறங்கின, 1492இல் அங்கிருந்த கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா விழுந்தது, இடைப்பட்ட காலம் முழுவதும் ஓயாத மதப் போர், அதற்காகவே இத்தனை கோட்டைகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். போர்கள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் யார் யாரோடு சேர்ந்து சண்டையிட்டார்கள் என்று பார்த்தால் இந்தக் கதை நிற்காது. காஸ்டைலின் வீரநாயகன் எல் சித், மன்னரால் நாடு கடத்தப்பட்டபின் பல ஆண்டுகள் சரகோசாவின் முஸ்லிம் அரசருக்குப் படை நடத்தினார். 1246இல் கிரனாடா அமீர் முதலாம் முஹம்மது, காஸ்டைலின் மூன்றாம் ஃபெர்டினாண்டுக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். அடுத்து, முஸ்லிம் நகரமான செவிலை ஃபெர்டினாண்ட் முற்றுகையிட்டு 1248இல் பிடித்தபோது, கிரனாடாவின் படையும் அவர் பக்கம் நின்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காஸ்டைல் சுற்றுலாவில் காட்டும் அழகிய கோட்டைகள் பல 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஹுவான் பச்சேகோ 1456இல் தொடங்கிய பெல்மோன்டே, மெண்டோசா குடும்பத்தினர் 1475இல் தொடங்கிய மன்சனாரெஸ் எல் ரெயால், ஃபொன்சேகா குடும்பத்தின் கோக்கா. இவை எதுவும் கிரனாடா எல்லையில் இல்லை. முஸ்லிம் படையைத் தடுக்க இவற்றைக் கட்டவில்லை. பிரபுக்கள் பக்கத்துப் பிரபுவுக்கும் சில சமயம் மன்னருக்கும் எதிராகத் தங்கள் பலத்தைக் காட்டக் கட்டிக்கொண்டவை. அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் உழவர்களும் ஊர்மக்களும். வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவில் அவர்கள் பொறுமை இழந்தார்கள்: 1467 முதல் 1469 வரை நடந்த இர்மண்டின்யோ கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டைகளைத் தகர்த்தார்கள். கோட்டை என்றாலே மக்களைக் காத்த அரண் என்று எழுதுவோர் இந்த இரண்டு ஆண்டுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அரபு எழுத்தைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள்

செவில் அல்காசாரில் பேத்ரோ மன்னரின் அரண்மனை முகப்பின் முன் நின்றால், உச்சியில் நீலமும் வெள்ளையுமாக ஓர் ஓட்டுப் பட்டை தெரியும். அதில் அரபு எழுத்தில் "அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் எவருமில்லை" என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அது கிரனாடாவின் நஸ்ரித் அரசர்களின் முழக்கம். அந்தப் பட்டையைச் சுற்றி, காஸ்டைல் மொழியில், கோத்திக் எழுத்தில், கட்டியவர் யார் என்று பொறித்திருக்கிறார்கள்: காஸ்டைலையும் லியோனையும் ஆண்ட கிறிஸ்தவ மன்னர் டான் பேத்ரோ. அவருக்கும் கிரனாடாவின் ஐந்தாம் முஹம்மதுவுக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. 1362இல் முஹம்மது அரியணையைத் திரும்பப் பெற பேத்ரோ உதவினார். கிரனாடா அரசர்களின் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றத்தைக் கட்டியவரும் இந்த முஹம்மதுதான். இரண்டு அரண்மனைகளும் உடன்பிறந்தவை போலத் தோன்றுவதற்கு இந்த நட்பு ஒரு முக்கியக் காரணம். ஆகவே குதிரைலாட வளைவு, அரபு எழுத்து, செங்கல் வேலைப்பாடு ஆகியவற்றைப் பார்த்ததும் "முஸ்லிம்கள் கட்டியது" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கோக்கா கோட்டை முழுக்கச் செங்கல், அதன் வேலைப்பாட்டில் முஸ்லிம் ஸ்பெயினின் அந்தலூசிய மரபு அப்பட்டமாகத் தெரியும். கட்டிய குடும்பமோ பேராயர்களைத் தந்த கத்தோலிக்கக் குடும்பம்.

அதே முகப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. கல்வெட்டில் உள்ள ஆண்டு 1402. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், இறந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன மன்னர் அரண்மனை கட்டியதாகிவிடும்! அந்தக் காலத்து ஸ்பெயினில் கிறிஸ்து ஆண்டுக்கு 38 ஆண்டு முந்தித் தொடங்கும் தனிச் சகாப்தம் வழக்கில் இருந்தது. 1402இல் 38ஐக் கழித்தால் 1364. அதுதான் சரியான ஆண்டு. கிழக்கே இருந்த அரகான் நாட்டில் 1350 வரையும், காஸ்டைலில் 1383 வரையும் இந்தக் கணக்குதான். கல்வெட்டையோ பழைய ஆவணத்தையோ நேரடியாகப் படிக்கிறவர்கள் இந்தக் கழித்தலைச் செய்தாக வேண்டும்.

எல்லாம் டெம்ப்ளர் கோட்டை ஆகாது

சிலுவைப் போர்க்காலத்தில் தோன்றிய, துறவியராகவும் போர்வீரராகவும் இருந்த டெம்ப்ளர் வீரத்துறவிகள் பெயரைச் சேர்த்தால் கூட்டம் கூடுகிறது என்பதால் பல இடங்களில் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். லியோன் மாகாணத்துப் பொன்ஃபெராதாவுக்கு உண்மையிலேயே அந்தத் தொடர்பு உண்டு. 1178இல் மன்னர் அதை அவர்களிடம் ஒப்படைத்தார். ஆனால் 1312இல் திருத்தந்தை அந்த அமைப்பையே கலைத்துவிட்டார். இன்று அங்கே கம்பீரமாகத் தெரியும் மதில்களிலும் கோபுரங்களிலும் பெரும்பகுதி அதற்குப் பின் வந்த பிரபுக்கள், குறிப்பாக 15ஆம் நூற்றாண்டில் லெமோஸ் பிரபுவின் குடும்பம், கட்டியது.

கலத்ராவாவின் கதை இன்னும் சுவையானது. தெற்கு எல்லையிலிருந்த அந்தக் கோட்டையைத் தங்களால் காக்க முடியாது என்று டெம்ப்ளர்களே மன்னரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1158இல் ஃபித்தேரோ மடத்துத் தலைவர் ரைமுண்டோ முன்வந்து அதை ஏற்றார். அங்கே பிறந்ததுதான் கலத்ராவா வீரத்துறவியர் அமைப்பு. காஸ்டைல் எல்லையின் வரலாற்றில் டெம்ப்ளர்களைவிட இவர்களுக்கும் சந்தியாகோ என்ற இன்னொரு வீரத்துறவியர் அமைப்பினருக்கும்தான் பெரிய பங்கு. 1212இல் கிறிஸ்தவ அரசர்கள் முஸ்லிம் படையை வென்ற லாஸ் நாவாஸ் போருக்குப் பின் கலத்ராவா அமைப்பினர் கட்டிய கலத்ராவா லா நுவேவா மலைமேல் இன்றும் நிற்கிறது. அதைப் பார்க்காமல் வீரத்துறவிகளைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை.

மெடினா டெல் கம்போவின் லா மோத்தா கோட்டையில்தான் இசபெல்லா இறந்தார் என்பதும் பரவலான பிழை. அவர் 1504இல் இறந்தது அதே ஊரின் சந்தைச் சதுக்கத்திலிருந்த அரண்மனையில். திருத்தந்தை ஒருவரின் மகனான இத்தாலியத் தளபதி சேசரே போர்ஜியா லா மோத்தாவில் சிறையிருந்து 1506இல் தப்பியது மட்டும் உண்மை.

போகும்போது

பலர் அல்ஹம்ப்ராவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் சோரியா மாகாணத்துக் கோர்மாஸ் முதல் வரிசையில் வர வேண்டும். 965 வாக்கில், கோர்டோபா கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் காலத்தில், டுவேரோ ஆற்றை நோக்கிய குன்றில் விரிவாக்கிய எல்லைக் கோட்டை அது. மதிலின் சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல். உள்ளே அரண்மனை அழகை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அது படைகள் கூடும் இடம். தண்ணீர் சேமித்த குளத்தையும் தெற்குப் பக்கத்துக் குதிரைலாட வளைவு வாயிலையும் நிதானமாகப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் காஸ்டைல் கைக்குப் போன இந்தக் கோட்டையை எல் சித்தும் சிறிது காலம் வைத்திருந்தார்.

உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவதும் நல்லது. அல்மேரியா மாகாணத்து வெலெஸ் பிளாங்கோவின் மறுமலர்ச்சிக்காலப் பளிங்கு முற்றத்தைப் பற்றிப் படித்துவிட்டு அங்கே போனால், அந்த முற்றம் இருந்த இடம்தான் இருக்கும். 1904இல் அதைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். சிற்ப வேலைப்பாட்டோடு அது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1949 ஏப்ரலில் வந்த அரசாணை, பாழடைந்தவை உட்பட ஸ்பெயினின் எல்லாக் கோட்டைகளையும் அரசின் பாதுகாப்பில் கொண்டுவந்தது. தனியாருக்குச் சொந்தமான கோட்டைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் உரிமையாளர் அனுமதி இல்லாமல் அவற்றுக்குள் நுழைய முடியாது. பயணத்துக்கு முன்பே ஊராட்சியின் சுற்றுலா அலுவலகத்தில் திறப்பு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.