கொடைக்கானலில் குதிரை ஏறுவதற்கு முன்னால்

எங்கள் தாத்தா மின்ட் பக்கம் ஜட்கா, அதாவது குதிரை வண்டி, ஓட்டியவர். அதனால் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து யார் கொடைக்கானல் கிளம்பினாலும், குதிரை சவாரிக்கு என்ன பார்க்கணும் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பெட்டி கட்டும்போதே முழுக்கால் பேன்ட்டும் ஷூவும் எடுத்து வையுங்கள். முதல் தடவை நான் ரப்பர் செருப்போடு ஏறினேன். இறக்கத்தில் கால் வழுக்கி, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கணுக்கால் வரை போய் மாட்டிக்கொண்டது. குதிரைக்காரர் சட்டென்று பிடித்து நிறுத்தினார். குதிரை மிரண்டு ஓடியிருந்தால் என்னையும் தரையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஏரிக்கரையில் முதலில் கூப்பிடுகிறவரிடமே போய்விடாதீர்கள். குதிரையைப் பாருங்கள். சேணத்துக்கு அடியில் இருக்கும் துணியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடி உதிர்ந்து, தோல் சிவந்து கசிந்திருந்தால் அந்தக் குதிரை வேண்டவே வேண்டாம். தாத்தா வண்டி பூட்டுமுன் தினமும் கழுத்திலிருந்து முதுகு வரை உள்ளங்கையால் தடவுவார். வலி இருக்கும் இடத்தில் தோல் வெடுக்கென்று துடிக்கும். பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி நின்றால் பயமில்லை, ஓய்வெடுக்கிறது. காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் கோபத்தில் இருக்கிறது, கிட்டே போகாதீர்கள். அங்கே மட்டக்குதிரைகள் நிறைய. ஆளும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கனமான பெரியவர்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கூடவே நடக்கலாம்.

ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர். ‘ஒரு ரவுண்டு’ என்றால் முழுச் சுற்றா, கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதா, எவ்வளவு காசு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சரி, ஏறலாம். குதிரையின் பின்னால் சுற்றிப் போகாமல் இடப்பக்கமாக வாருங்கள். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று குதிரைக்காரரை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அங்கவடியில் முன்பாதம் மட்டும் இருக்கட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும். மேட்டில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால். பயத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள்; அதன் வாய்க்குள் இருப்பது இரும்பு. சேணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தை ஏறியிருந்தால், குதிரைக்காரர் கையிலிருந்து கயிறு ஒரு நிமிஷம்கூட நழுவக் கூடாது.

இறங்கிய பிறகு அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு கேரட் கொடுங்கள். விரல்களை ஒட்டி, உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து அதன்மேல் வையுங்கள். கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கேரட் என்று நினைத்துக் கடித்துவிடும்.