சீசன் முழுக்க ஆடும் ஃபேன்டஸி கோல்ஃப்: ஆளைத் தேடும் முன் அட்டவணையைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் கேரம் கிளப் ஆட்கள் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி கோல்ஃப் லீக் நடத்துகிறோம்: நிஜ கோல்ஃப் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் போட்டிகளில் ஆடுவதை வைத்து நாம் புள்ளி சேர்க்கும் ஆட்டம். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை நடத்துபவர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்கா என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறோம். கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. இந்த ஆட்டத்துக்கு அது தேவையும் இல்லை. புதிதாகச் சேர வருபவர்கள் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பார், பர்டி, போகி போன்றவற்றை விளக்கப் போவதில்லை. ஒரு போட்டியை உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

பணம் கட்டி ஆடும் எண்ணத்தோடு யாராவது வந்திருந்தால் இத்துடன் விட்டுவிடுங்கள். ஆன்லைன் பணவிளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. எங்கள் லீக்கில் ஒரு கோப்பை உண்டு, சீசன் முடிந்ததும் ஒரு பிரியாணி விருந்து உண்டு. காசு கிடையாது.

முதல் படி: விதியைக் கேளுங்கள்

ஃபேன்டஸி கோல்ஃப் பலவிதம். எங்களுடையது எளிமையானது. வாரத்துக்கு ஒரு வீரர். ஒருமுறை எடுத்தவரை அந்த சீசனில் மறுபடி எடுக்க முடியாது. அந்த வாரம் அவர் சம்பாதிக்கும் பரிசுத்தொகைதான் உங்கள் புள்ளி. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு பின்தங்கியவர்களை வெளியேற்றுவார்கள், அதற்கு ‘கட்’ என்று பெயர். அதைத் தாண்டாமல் வெளியேறினால் பூஜ்ஜியம்.

சேர்வதற்கு முன் அமைப்பாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சீசனின் கடைசிப் போட்டியான டூர் சாம்பியன்ஷிப் கணக்கில் சேருமா? 2025-இல் அந்தப் போட்டியின் மொத்தப் பரிசு 4 கோடி டாலர். ஜெயித்த டாமி ஃப்ளீட்வுட்டுக்கு 1 கோடி டாலர் கிடைத்தது. பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொடரில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி. அதில் ஆடுவது 30 பேர் மட்டுமே. ஆகஸ்ட் கடைசி வரை ஒரு நல்ல பெயரைச் செலவழிக்காமல் வைத்திருந்தால்தான் அந்த வாரம் உங்களுக்குப் பயன்படும். அந்தப் போட்டி கணக்கில் சேரும் என்றால் உங்கள் திட்டமே தலைகீழாக மாறும்.

இரண்டாம் படி: காலண்டரில் வண்ணம் தீட்டுங்கள்

புதியவர்கள் எல்லோரும் வீரர் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். அட்டவணையில் தொடங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த ஸ்காட்டி ஷெஃப்லர் 2025 மே மாதம் பைரன் நெல்சன் போட்டியை எட்டு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். அதற்குக் கிடைத்தது 17.82 லட்சம் டாலர். அடுத்த சில வாரங்களில் மெமோரியல் போட்டியை வென்றார். அதற்கு 40 லட்சம் டாலர். ஆள் அவரேதான், இரண்டும் வெற்றிதான். மெமோரியல் வரை காத்திருந்தவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி.

ஆகவே ஒரு மாதக் காலண்டரை எடுங்கள். துணிக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுக்கும் பெரிய கட்டம் போட்ட காலண்டர் போதும். இதற்காகவே இருக்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு மாதத்தையும் ஒரே பார்வையில் சுவரில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. மேஜர்கள் எனப்படும் நான்கு முக்கியப் போட்டிகளுக்குச் சிவப்பு: ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் தி ஓப்பன். மார்ச்சில் சாகிராஸில் நடக்கும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பும் சிவப்புதான். 2025-இல் அதன் பரிசு 2.5 கோடி டாலர்; ஒரு மேஜரும் அதை எட்டவில்லை. தலா 2 கோடி டாலர் கொண்ட சிக்னேச்சர் போட்டிகளுக்குப் பச்சை. அந்த ஆண்டில் அவை எட்டு இருந்தன. மற்ற வாரங்களை வெறுமனே விடுங்கள்.

யாரை எப்போது பயன்படுத்தினீர்கள் என்ற கணக்கை மட்டும் கூகுள் ஷீட்டில் வையுங்கள். காலண்டரில் அடித்துத் திருத்தினால் ஜூலைக்குள் ஒன்றும் தெரியாது.

மூன்றாம் படி: பெரிய பெயர்களைச் சிவப்பில் பொருத்துங்கள்

இங்கே தொடங்க வேண்டியது பிஜிஏ டூருக்குப் போட்டியாக வந்த லிவ் கோல்ஃப் லீக் பக்கம் போனவர்களிடம். ஜான் ராம், பிரைசன் டிசாம்போ போன்றவர்கள் 2025 சீசனில் மேஜர் தவிர வேறெந்த வாரத்திலும் நம் பட்டியலில் வரவில்லை. அவர்களை மேஜருக்கே வைத்துவிடுங்கள். டிசாம்போ 2020, 2024 என்று இரண்டு முறை யுஎஸ் ஓப்பனை வென்றவர்; ராம் 2023 மாஸ்டர்ஸ் சாம்பியன். இவர்களைக் கொண்டு இரண்டு மேஜரை நிரப்பினால் ஷெஃப்லரும் இன்னொரு முன்னணி வீரரான ரோரி மெக்கில்ராயும் பிளேயர்ஸுக்கோ மெமோரியலுக்கோ மிச்சமாவார்கள். உலகத் தரவரிசையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இது தெரியாது. லிவ் போட்டிகளுக்கு 2025 முடியும்வரை அதில் புள்ளியே கிடையாது. டேட்டா கோல்ஃப் தளத்தின் பட்டியல் அவர்களையும் சேர்த்துக் கணிக்கிறது. என் ஓட்டு அதற்கே.

ஜனவரி மாதத்துக்கு மட்டும் பென்சிலால் எழுதுங்கள். 2024 கிறிஸ்துமஸ் அன்று சமைக்கும்போது உடைந்த கண்ணாடி ஷெஃப்லரின் வலது உள்ளங்கையைக் கிழித்தது. சீசனின் முதல் போட்டிக்கே அவர் வரவில்லை.

நான்காம் படி: வெறும் வாரங்களுக்கு ஆள் எடுப்பது

பரிசுத்தொகைதான் புள்ளி என்னும்போது நிதானமாக ஆடி இருபதாம் இடம் பிடிப்பவரால் பெரிய பயன் இல்லை. வழக்கமான போட்டியில் ஜெயிப்பவருக்கு மொத்தத்தில் 18 சதவீதம், இரண்டாமவருக்கு 10.9, மூன்றாமவருக்கு 6.9. பத்தாம் இடத்துக்கு 2.7 சதவீதம்தான். ஆகவே ஜெயிக்கக்கூடியவரையே எடுங்கள். சில வாரம் பூஜ்ஜியம் விழும், விழட்டும்.

ஜெயிக்கக்கூடியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்ற கணக்கைப் பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய முறை அது. ஒவ்வொரு அடியும் சராசரி வீரரைவிட எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று அளக்கிறது. தலைசிறந்தவர்கள் மற்றவர்களை முந்துவதில் சுமார் 40 சதவீதம் கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) நோக்கி அடிக்கும் அப்ரோச் அடிகளிலிருந்து வருகிறது, கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கிலிருந்து 15 சதவீதம்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போன வாரம் நீளமான பட்டிங் அடிகளை வரிசையாக உள்ளே தள்ளியவரைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டிங் வாரத்துக்கு வாரம் மாறும். இரண்டு மாதமாக அப்ரோச்சில் முன்னணியில் இருந்தும் பட்டிங் கைகொடுக்காமல் முப்பதாம் இடத்தில் முடித்துக்கொண்டிருப்பவரைத் தேடுங்கள்.

மைதானத்தையும் பார்க்க வேண்டும். மாஸ்டர்ஸுக்கு அடுத்த வாரம் நடக்கும் ஹெரிடேஜ் போட்டியின் ஹார்பர் டவுன் மைதானம் குறுகலானது, கிரீன்கள் சிறியவை. தொலைவாக அடிப்பவர்களை அங்கே வீணாக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வியாழக்கிழமை நேரம்

எங்கள் லீக்கில் எல்லோரையும் ஒருமுறையாவது தடுக்கி விழ வைத்த இடம் இது. முதல் வீரர் முதல் அடியை அடிக்கும் நொடியில் தேர்வு மூடிவிடும். அந்த நேரம் நம் கடிகாரத்தில் வாரத்துக்கு வாரம் நகரும். பிப்ரவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 7 மணி என்றால் நமக்கு மாலை 5.30. கலிஃபோர்னியாவில் அதே 7 மணி என்றால் இரவு 8.30. ஹவாய் என்றால் இரவு பத்து மணியைத் தாண்டும்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அன்றிலிருந்து அதே காலை 7 மணி நமக்கு மாலை 4.30 ஆகிவிடும். பே ஹில் போட்டி முடியும் ஞாயிறும் அந்த ஞாயிறும் 2025-இல் ஒன்றாக வந்தன. அடுத்த வியாழன்தான் பிளேயர்ஸ். ஆக, அந்த சீசனின் மிகப் பெரிய பரிசு வாரங்களில் ஒன்றில் கெடு ஒரு மணி நேரம் முன்னால் வந்து நின்றது. போன வாரம் போல வேலை முடிந்து, விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி, வீட்டுக்குப் போய் நிதானமாகத் தேர்வு செய்யலாம் என்று இருந்தால் கதவு அடைத்திருக்கும். தி ஓப்பன் இன்னும் சீக்கிரம்: பிரிட்டனில் காலை 6.35-க்கு முதல் அடி என்றால் நமக்கு 11.05. பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் சூடாக நடக்கும் நேரம்.

புதன் இரவு சாப்பிட்டு முடித்ததும் தேர்வைப் பதிந்துவிடுங்கள். போட்டி எந்த ஊரில் நடந்தாலும் அந்த நேரம் பாதுகாப்பானது. பதியும் முன் பங்கேற்போர் பட்டியலில் உங்கள் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள். 2025-இல் மெக்கில்ராய் மெமோரியலுக்கும் வரவில்லை, சீசன் கடைசியில் வரும் பிளேஆஃப் சுற்றின் முதல் போட்டியான செயின்ட் ஜூடுக்கும் வரவில்லை.

பிறகு சேர்த்தவை

எண்ணூரிலிருந்து ஒரு தம்பி, இந்திய வம்சாவளி வீரர்களை மட்டுமே எடுத்து ஆடலாமா என்று கேட்டிருந்தார். சீசன் முழுக்க அப்படி ஆடினால் பட்டியல் பற்றாது. ஆனால் ஆரன் ராய், சாஹித் தீகலா, அக்‌ஷய் பாட்டியா மூவருமே வெறும் வாரங்களுக்குத் தாராளமாகத் தகுதியானவர்கள். ராய் 2024-இல் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றார்.

காசிமேட்டு அண்ணன் சொன்ன யோசனை ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் ஹெரிடேஜ், பிஜிஏ சாம்பியன்ஷிப், மெமோரியல் மூன்றும் வந்துவிடும். கடல் வேலை உள்ளவர்கள் அலசிப் பார்க்க வேண்டிய பெரிய தேர்வுகளை அங்கே குவித்துக்கொண்டு, மற்ற மாதங்களுக்கான வெறும் வாரங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம்.

தேர்வு மூடிய பிறகு வீரர் முதல் அடி அடிக்காமலேயே விலகினால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். எங்கள் லீக்கில் இப்போது இப்படி முடிவு செய்திருக்கிறோம்: அவர் செலவானவராகக் கணக்கில் ஏறமாட்டார், இன்னும் ஆடத் தொடங்காத வேறொருவரைக் குழுவில் எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஒரு அடி அடித்துவிட்டு விலகினால் மாற்ற முடியாது. உங்கள் லீக்கில் இந்த விதி எழுதப்படவில்லை என்றால் ஜனவரிக்கு முன் எழுத வையுங்கள்.