இரண்டு ஆய்வுகள், ஒரு நோயாளி: சான்றுசார் மருத்துவத்தின் முதல் வகுப்பை நடத்தும் முறை

புதுச்சேரி மருத்துவக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்குச் சான்றுசார் மருத்துவம் (ஆய்வுச் சான்றுகளை எடைபோட்டுச் சிகிச்சையை முடிவுசெய்யும் முறை) கற்பிக்கத் தொடங்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்பெயரை 1991இல் கனடாவின் கோர்டன் கயாட் பயன்படுத்தினார் என்பதோடு வரலாற்றை நிறுத்திக்கொள்ளுங்கள். புள்ளியியலிலும் தொடங்க வேண்டாம். பாதி வகுப்பு உறங்கிவிடும்.

முதற்படி, வார்டில் உள்ள ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுப்பது. கடலூர், பண்ருட்டி வட்டாரங்களிலிருந்து பூச்சிமருந்து நச்சுடன் வருபவர்களை நம் மாணவர்கள் அறிவார்கள். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் நச்சுக்கு முறிவு மருந்தான அட்ரோபின் கொடுத்தாயிற்று. நச்சால் முடங்கிய நொதியை மீட்பதற்கான பிராலிடாக்சைமும் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். “எங்கள் யூனிட்டில் கொடுப்பது வழக்கம்” என்று யாரேனும் சொன்னால், மறுக்காமல் அதைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.

அடுத்து, ஐயத்தை நான்கு கூறுகள் கொண்ட கேள்வியாக ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதட்டும்: நோயாளி யார், சிகிச்சை என்ன, எதனுடன் ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். பெரும்பாலோர் மூன்றாவது கூறை விட்டுவிடுவார்கள். அதை அப்போதே திருத்தாதீர்கள். விடுபட்டதன் விலை சற்று நேரத்தில் தானே தெரியும்.

தேடலுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கைபேசியில் பப்மெட் என்னும் மருத்துவ ஆய்வுத் தேடுதளத்தைத் திறந்தால் போதுமானது.

இனி வகுப்பின் பெரும்பகுதியை ஆய்வுகளை எடைபோடுவதற்கே ஒதுக்குங்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடந்த ஆய்வில், பிராலிடாக்சைமை இடைவிடாது செலுத்திய குழுவில் 1 விழுக்காட்டினரும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெற்ற குழுவில் 8 விழுக்காட்டினரும் இறந்தனர். வேறுபாடு 7 விழுக்காட்டுப் புள்ளிகள். அதாவது ஓர் இறப்பைத் தவிர்க்க ஏறத்தாழ 15 பேருக்கு இடைவிடாத முறையில் மருந்து தர வேண்டும். இக்கணக்கை மாணவர்களே போடட்டும். பிறகு 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வைக் கொடுங்கள்: மருந்து பெற்ற 121 பேரில் 30 பேரும், உப்புநீர் மட்டும் பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்தனர். மருந்து தீங்கு செய்கிறதா என்று உடனே ஒரு குரல் எழும். இரு குழுக்களையும் ஒப்பிடும் இறப்பு அபாய விகிதத்தின் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.88 முதல் 3.26 வரை விரிந்து, வேறுபாடின்மையைக் குறிக்கும் 1ஐ உள்ளடக்குவதால், தீங்கு உறுதியாகவில்லை, நன்மையும் நிறுவப்படவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள்.

இவ்விரண்டும் முரண்படுகின்றனவா? பாராமதியில் இரு குழுவினருமே பிராலிடாக்சைம் பெற்றவர்கள். அங்கே ஒப்பிடப்பட்டது மருந்தளவு. இலங்கையில் ஒப்பிடப்பட்டது மருந்தும் மருந்தின்மையும். மூன்றாவது கூறை எழுதாதவர்கள் தம் தாளை மீண்டும் எடுப்பது இந்த இடத்தில்தான்.

பின்னர் நோயாளியிடம் திரும்புங்கள். எந்தப் பூச்சிமருந்து, எத்தனை மணி நேரத்துக்கு முன் என்பவை முக்கியம்: டைமெத்தோயேட் போன்றவற்றில் நொதி சில மணி நேரத்திலேயே மீட்க இயலாதபடி மாறிவிடும்; குளோர்பைரிபாஸில் அந்த மாற்றம் மெதுவாக நிகழும். உறவினர்கள் கொண்டுவந்த டப்பாவைப் படித்துப் பார்க்காமல் ஆய்வை நோயாளிக்குப் பொருத்த முடியாது.

இறுதியாக, முடிவையும் அதன் காரணத்தையும் இரண்டு வரிகளில் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த வரிகளைத் தேடிப் பாருங்கள். மதிப்பெண் தேர்வைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.