புத்தகத்தை மூடி வைத்துப் படிப்பது எப்படி

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை முதல் தடவை எழுதியபோது 200 கேள்விகளில் எனக்கு 128தான் சரி. எட்டு மாதம் படித்திருந்தேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை மூன்று முறை வாசித்து, கோடு போட்டுப் போட்டு, பக்கமெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. தேர்வறையில் சிறுபஞ்சமூலத்தின் ஆசிரியர் யார் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பெயர் இடது பக்கத்தில் கீழே, பெட்டிக்குள் இருப்பதுகூடக் கண்ணுக்குள் தெரிந்தது. பெயர் மட்டும் வரவே இல்லை.

பி.எட்.டில் கற்றல் உளவியல் எனக்கு ஒரு பாடம். படித்தது நாளாக ஆக எவ்வளவு மறந்துபோகிறது என்று காட்டும் மறதி வளைகோட்டை அளவுகோல் வைத்து வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதை என் படிப்புக்கே பயன்படுத்தலாம் என்று அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தோன்றியது. வேலைக்குப் போய்க்கொண்டோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோ படிப்பவர்களுக்காக, இரண்டாவது தடவை நான் படித்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில், திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்துங்கள். நான்காவது முறை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் தெரிந்தது போல இருக்கும். பார்த்த முகமாக இருப்பது வேறு, பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிவது வேறு. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியைச் சராசரியாக 14 முறை வாசித்தது. இன்னொரு குழு மூன்று நான்கு முறை மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வு ஐந்து நிமிடத்திலா வருகிறது?

எனவே ஒரு பாடத்தை ஒரு முறை நிதானமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். பாதிகூட வராது. அங்கே மனசு விட்டுப்போகும், உடனே புத்தகத்தைத் திறக்கக் கை போகும். ஒரு நிமிடம் பொறுங்கள். தேடித் தவிக்கும் அந்த நேரத்தில்தான் பதிகிறது. அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் எழுதுங்கள். எனக்கு முதல் வாரம் முழுக்கத் தாள் சிவப்பாகத்தான் இருந்தது.

அடுத்தது, எப்போது திரும்பப் பார்ப்பது. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவு. இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது, ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. பெரும் சரிவு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே முதல் திருப்புதலை மறுநாளே வையுங்கள்; அதன்பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதற்கு நான் வைத்திருந்தது மூன்று பிஸ்கட் டப்பாக்கள். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் கேள்வி, மடித்து உள்ளே விடை. புதிய சீட்டு முதல் டப்பாவுக்குப் போகும். அதை தினமும் எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது டப்பா, மூன்று நாளைக்கு ஒருமுறை. அதிலும் தேறினால் மூன்றாவது, ஞாயிறு மட்டும். எந்த டப்பாவில் தவறினாலும் சீட்டு முதல் டப்பாவுக்கே திரும்பிவிடும். 1970களில் லைட்னர் என்பவர் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டி முறைதான் இது. செல்போனிலும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் கையில் போன் வந்தால் வேறு எங்கேயோ போய்விடுவேன் என்பதால் டப்பாவே எனக்குச் சரிப்பட்டது.

சாயங்காலம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என் மாமியார் சீட்டு எடுப்பார்.

"ஏத்தா, ஏலாதி எழுதுனது யாரு?"

"கணிமேதாவியார், அத்தை."

"திணைமாலை நூற்றைம்பது?"

"அதுவும் அவர்தான்."

"நேத்து இதத்தான தப்பாச் சொன்ன," என்று சீட்டை இரண்டாவது டப்பாவில் போடுவார். எட்டாவது வரை படித்தவர். என் தேர்வில் பாதி அவருடையது.

பட்டியல்களை அப்படியே விழுங்காதீர்கள். மனசு ஒரே நேரத்தில் ஏழு, கூடினால் ஒன்பது பொருட்களைத்தான் ஏந்தும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் நான்கு என்றே குறைத்துவிட்டார்கள். பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டு நூல்களை வரிசையாகப் படித்தால் கொட்டிப்போகும். கட்டுகளாகக் கட்டுங்கள். அறம் 11, அகம் 6, புறம் 1. நாற்பது என்று முடிபவை நான்கு: இன்னா, இனியவை, கார், களவழி. மருந்துப் பெயரில் மூன்று: திரிகடுகத்துக்குச் சரக்கு மூன்று, சிறுபஞ்சமூலத்துக்கு வேர் ஐந்து, ஏலாதிக்கு ஆறு.

கட்டுக்குள் ஒரு கதை இருந்தால் இன்னும் நல்லது. சிறுபஞ்சமூலம் எழுதிய காரியாசானும், ஏலாதி எழுதிய கணிமேதாவியாரும் மாக்காயனாரிடம் சேர்ந்து படித்த மாணவர்கள் என்பார்கள். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேரும் மருந்தின் பெயரிலேயே நூல் செய்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து காரியாசான் என் நினைவைவிட்டுப் போகவில்லை.

நேரம் ஒதுக்குவதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'தினமும் படிப்பேன்' என்று முடிவெடுத்தால் நடக்காது. 'பால் பொங்கி அடுப்பை அணைத்ததும் முதல் டப்பாவைத் திறப்பேன்' என்று, ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். கோல்விட்சர் என்ற உளவியலாளர் 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வகைத் திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்.

பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெருக்கடியைச் சமாளிப்பதில் இரண்டு வழி உண்டு என்று லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் விளக்கினார்கள்: பிரச்சினையின் மேல் கை வைப்பது ஒன்று, அது தரும் வேதனையைத் தணித்துக்கொள்வது இன்னொன்று. தேர்வுக்கு முன்னால் படபடப்பு வந்தால், எந்தப் பாடம் பயமுறுத்துகிறது என்று தாளில் எழுதுங்கள். எனக்கு அது கூட்டுவட்டி. அன்றைக்கே ஐந்து கணக்குப் போட்டேன், நெஞ்சு லேசானது. ஆனால் எழுதி முடித்து, முடிவு வரக் காத்திருக்கும் மாதங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதல் தடவை விடைக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை ஒரே ஒரு முறை சரிபார்த்து, 171 என்று காலண்டரில் குறித்துவிட்டு, வைத்துவிட்டேன். விடியற்காலையில் மாமியாரோடு கண்மாய்க் கரை வரை நடந்தோம். டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, எதிர்வீட்டில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்குக் கொடுத்தேன்.