பழைய காருக்கு மடங்கும் சீட் மவுண்ட்: வெல்டிங் தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டே கதவுகள் உள்ள பழைய காரில் பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட் மடங்கித்தான் ஆக வேண்டும். 1959-இல் வந்த மினியில் முன்சீட் அடிப்பாகத்தோடு சேர்ந்தே முன்பக்கம் கவிழும். வேறு சில கார்களில் முதுகுப்பகுதி மட்டும் சாயும். அசல் சீட் கிழிந்து, ஸ்பிரிங்கும் உட்கார்ந்துபோன பிறகு, வேறொரு காரின் சீட்டை இதில் வைத்துவிடலாம் என்று தோன்றும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. வந்த சீட்டின் ரெயிலும் (சீட் முன்னும் பின்னும் நகரும் தடம்) பழைய தளத்தின் ஓட்டைகளும் பொருந்தவே பொருந்தாது. நடுவில் சீட்டைத் தளத்தோடு இணைக்கும் ஒரு தாங்கி, அதாவது மவுண்ட், செய்ய வேண்டும். முன்னால் கீலும் பின்னால் பூட்டும் வைத்து, அது கவிழவும் வேண்டும்.

செய்கிறவர்களின் கவனமெல்லாம் சீட் எப்படி மடங்கும் என்பதிலேயே இருக்கிறது. ஒரு நாளில் அது மடங்குவது நான்கைந்து தடவை இருக்கும். மற்ற நேரம் முழுக்க அது மடங்காமல் இருந்தாக வேண்டும். பெரிய தவறுகள் எல்லாம் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

‘சீட்டும் ஆளும் சேர்ந்த எடை போதாதா, அதுவே கீழே பிடித்துக்கொள்ளும்’ என்று பின்பக்கப் பூட்டையே வைக்காமல் விடுகிறவர்கள் உண்டு. திடீரென பிரேக் அடித்தால் எடை கீழே மட்டும் இழுக்காது, முன்னாலும் தள்ளும். பின்சீட்டில் இருப்பவரின் முழங்காலும், அங்கே வைத்த பெட்டியும் சீட்டின் முதுகில் வந்து மோதும். முன்னால் கீல் இருக்கும் சீட்டுக்குக் கவிழ்வதற்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டாம். அமெரிக்காவில் 1968 முதல் நடப்பில் உள்ள எஃப்எம்விஎஸ்எஸ் 207 என்ற வாகனப் பாதுகாப்பு விதி, மடங்கும் சீட்டில் தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. சீட் தன் எடையைப் போல 20 மடங்கு விசையை முன்னும் பின்னும் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. 15 கிலோ சீட் என்றால் 300 கிலோ. கதவுத் தாழ்ப்பாளையோ, மெல்லிய ஸ்பிரிங் கொக்கியையோ அங்கே வைக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த 300-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டை ஒரு பக்கம் மட்டும் வைப்பது அடுத்த தவறு. பூட்டாத மூலை தூக்கிக்கொள்ளும், ஃப்ரேம் முறுக்கும், வளைவுகளில் சீட் கிறீச்சிடும். பின்மூலை இரண்டிலும் பூட்டு வைத்து, ஒரே கம்பியால் இரண்டையும் இணைத்து, ஒரு கைப்பிடியில் விடுவிக்கும்படி செய்வதுதான் சரி. அந்தக் கைப்பிடி முன்னால் இருப்பவருக்கும் எட்ட வேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டு இறங்கப் பார்ப்பவருக்கும் எட்ட வேண்டும். சீட்டைக் கீழே விட்டதும் ‘டக்’ என்று தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கையால் பூட்டும்படி வைத்தால் ஒருநாள் யாராவது மறப்பார்கள்.

இதோடு ஒட்டியது சீட் பெல்ட். புதிய சீட்டின் ஃப்ரேமிலேயே பெல்ட் மாட்டும் பக்கிள் இருந்தால், அதை அப்படியே பயன்படுத்த ஆசை வரும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் விபத்தில் ஆளின் முழு விசையும் பெல்ட் வழியாகச் சீட்டுக்கு வந்து, நீங்கள் வீட்டில் செய்த கீலிலும் பூட்டிலும் இறங்கும். பெல்ட்டின் நுனிகள் காரின் உடலில், அதற்கென்று பலப்படுத்திய இடத்தில் தனியாக இருக்கட்டும். சீட் தன்னை மட்டும் தாங்கினால் போதும். ரெயிலை நகர்த்தும்போது பெல்ட் கோணம் கெடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, கீலுக்கு வருவோம். நான் முதலில் செய்த மவுண்ட் பட்டறை மேசையில் அழகாகக் கவிழ்ந்தது. காருக்குள் வைத்துத் தூக்கினால் பாதித் தூரம்கூடப் போகவில்லை. தலைச்சாய்வு ஸ்டீயரிங்கில் முட்டி நின்றது, ஹார்ன் வேறு அடித்தது. சீட் ஒரு வட்டத்தில் சுழல்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கீலிலிருந்து தலைச்சாய்வின் உச்சி 45 செ.மீ. பின்னாலும் 75 செ.மீ. மேலேயும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான நேர்தூரம் சுமார் 87 செ.மீ. சுழலும்போது உச்சி கீலுக்கு நேர் மேலே வரும் கணத்தில் முன்பிருந்ததைவிட 12 செ.மீ. உயர்ந்திருக்கும். கூரை தாழ்ந்த பழைய காரில் 12 செ.மீ. கிடைப்பது அபூர்வம்.

கீலை 10 செ.மீ. பின்னால் தள்ளினால் அந்த உயர்வு 8 செ.மீ. அளவுக்குக் குறையும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கீல் பின்னால் போகப் போக பூட்டுக்கும் கீலுக்கும் இடைவெளி குறையும், அதே விசைக்குப் பூட்டின் மேல் பாரம் கூடும். கூடவே, கீலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டின் மூக்கு கவிழும்போது கீழே இறங்கித் தளத்தில் இடிக்கும். இந்த இழுபறியைக் காகிதத்தில் தீர்க்கப் பார்ப்பதைவிட, சீட்டின் பக்கவாட்டு வடிவை அட்டையில் வெட்டி, கீல் வரும் இடத்தில் ஆணி குத்தி, காருக்குள்ளேயே சுழற்றிப் பார்ப்பது நல்லது. அரை மணி நேர வேலை. சில கார்களில் தலைச்சாய்வைக் கழற்றாமல் வழியே இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

உயரத்தை வெறும் சீட்டில் அளப்பதும் வழக்கமான பிழைதான். ஆள் உட்கார்ந்தால் நுரை அமுங்கும், அந்த அளவு சீட்டுக்குச் சீட்டு மாறும். ரெயில், கீல், தளத்தகடு என்று அடுக்கடுக்காக உயரம் ஏறும், தலை கூரையைத் தொட்ட பிறகுதான் உறைக்கும். சீட்டை மரக்கட்டைகளின் மேல் வைத்து, ஓட்டுகிறவரையே உட்காரச் சொல்லி, கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கதவைச் சாத்தி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கட்டைகளின் உயரத்தை நாலு மூலையிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தளம் சமமாக இருக்கும் என்று நம்பி நாலு காலையும் ஒரே உயரத்தில் வெட்டாதீர்கள்.

தளம் என்று சொன்னோம், அதைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். பல கார்களில் அது ஒரு மி.மீ. அளவு தகடுதான், கார்ப்பெட்டுக்கு அடியில் துரு வேறு தின்றிருக்கும். அதில் ஓட்டை போட்டு, ஒரு வாஷர் வைத்து முறுக்கினால் விபத்தின்போது வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அடியில் அகலமான தகடு வேண்டும். உலகக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் நெடுநாளாக இருந்துவரும் அளவு நல்ல வழிகாட்டி: சீட்டுக்குக் குறைந்தது நான்கு பிடிப்பிடங்கள், 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட், 3 மி.மீ. எஃகுத் தகடு, ஒவ்வொரு பிடிப்பிடத்திலும் 40 சதுர செ.மீ. தொடுபரப்பு. அதாவது ஏறக்குறைய ஆறரை செ.மீ. சதுரத் தகடு. முடிந்தவரை அசல் மவுண்ட் இருந்த பலமான இடங்களையே பயன்படுத்துங்கள். காரைப் பின்னாளில் அசல் நிலைக்குத் திருப்ப நினைத்தாலும் புது ஓட்டைகள் உறுத்தாது. துளை போடும் முன் அடியில் படுத்துப் பாருங்கள், பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்த வழியாகத்தான் போகும்.

கார்ப்பெட்டின் மேலேயே பிராக்கெட்டை வைத்து முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். துணி அமுங்க அமுங்க போல்ட் தளர்ந்துவிடும். மவுண்டின் ஃப்ரேமாக வரும் சதுரக் குழாயின் குறுக்கே போல்ட் போட்டு முறுக்கும்போதும் இதே கதைதான். குழாயின் சுவர் உள்ளே அமுங்கும், முறுக்கிய இறுக்கம் நிற்காது. குழாயின் உள்ளகலத்துக்குச் சரியாக வெட்டிய சிறு குழாய்த் துண்டை உள்ளே வைத்து, அதன் வழியே போல்ட்டை விட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கீல் சுழலும் அச்சாணி (பின்) ஒரே ஒரு தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிடித்திருந்தால்தான் வளையாது. போல்ட்டையே பின்னாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தகடுகள் உட்காரும் இடத்தில் மரை இல்லாத வழவழப்பான தண்டு வர வேண்டும். மரையின் மேல் சுழன்றால் ஓட்டை அரத்தால் ராவியது போல அகன்றுவிடும். கதவுக் கீலை வாங்கி வெல்ட் அடித்துவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள்.

வெல்டிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை: சூடு இரும்பை இழுக்கும். இடது கீலை முழுசாக வெல்ட் செய்துவிட்டு வலதுக்குப் போனால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, சீட் பாதியில் இறுகும். இரண்டு கீல்களுக்கும் குறுக்கே ஒரே நீளக் கம்பியைக் கோர்த்து, முதலில் அங்கங்கே சிறு பொட்டாக மட்டும் வெல்ட் வைத்து, சுழற்றிப் பார்த்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடியுங்கள். ரெயில்கள் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். உறுதியான போல்ட்டின் தலையை வெல்ட் செய்தால் சூட்டில் அதன் பலம் போய்விடும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அடியுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். காருக்குள்ளேயே வெல்ட் செய்ய வேண்டி வந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கார்ப்பெட்டையும் எடுத்துவிடுங்கள்.

பெயின்ட்டைக் கடைசியில் அடியுங்கள், கீல் ஓட்டைகளை மறைத்துவிட்டு. தளத்தின் போல்ட் ஓட்டைகளில் சீலன்ட் தடவாவிட்டால் அடுத்த மழையில் கார்ப்பெட் ஊறும்.

முடித்ததும் நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். சீட்டின் தலையைப் பிடித்து இரண்டு பேர் முன்னும் பின்னும் உலுக்குங்கள். பூட்டில் ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் தலை மட்டத்தில் அது இரண்டு மி.மீ.க்கு மேல் தெரியும். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை அழுத்தி அடித்துப் பாருங்கள். எல்லா போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்ச்சோடு குனிந்து பார்த்து, எந்தக் கோடு உடைந்து விலகியிருக்கிறதோ அந்தப் போல்ட்டை மறுபடி முறுக்குங்கள்.