சாண்டர்சன் நாவல்களைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, அந்த ஆளு இந்தப் புத்தகத்துலயும் வர்றாரு, கவனிச்சீகளா?"

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் அமெரிக்க ஃபேன்டஸி நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சனைப் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் வாயிலிருந்து இது வந்துவிடுகிறது. கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கண்டுபிடித்த சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எதிரில் இருப்பவர் அந்தப் புத்தகத்தைப் பாதிதான் தாண்டியிருக்கிறார் என்றால், அவரே கண்டுபிடித்துத் துள்ளியிருக்க வேண்டிய ஒன்று அவர் கையை விட்டுப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

சாண்டர்சனின் முதல் நாவல் 'எலாண்ட்ரிஸ்' 2005இல் வந்தது. 2006இல் 'மிஸ்ட்பார்ன்' வரிசை, 2009இல் 'வார்பிரேக்கர்', 2010இல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' மூலம் ஸ்டார்ம்லைட் வரிசை. உலகம் வேறு, மனிதர்கள் வேறு, மந்திர முறை வேறு. ஆனாலும் எல்லாம் காஸ்மியர் என்ற ஒரே பிரபஞ்சத்துக்குள் நடக்கின்றன. மேலே ஓடும் கதை ஒவ்வொரு வரிசையிலும் முழுமையானது. ஓர் உலகத்து ஆள் இன்னோர் உலகத்துப் புத்தகத்தில் தலைகாட்டுவது போன்ற தொடர்புகள் அடியில் ஓடுகின்றன. மற்ற நாவல்களுக்கு 'முடிவைச் சொல்லிவிடாதே' என்ற ஒரு கட்டுப்பாடு போதும். இங்கே அது போதாது. ஒரு பெயர், ஒரு கலைச்சொல், ஏன், 'அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு' என்ற ஒரு வாக்கியமே போதும், கெடுத்துவிட.

எதுவரைக்கும் படிச்சிருக்கீக?

பேச்சைத் தொடங்கும் முன் இதைக் கேட்காததுதான் முதல் தவறு. கேட்டும் பாதிப் பதிலோடு திருப்திப்படுவது இரண்டாவது. 'ஸ்டார்ம்லைட் படிக்கிறேன்' என்பது பதிலே இல்லை. அந்த வரிசையில் 2010, 2014, 2017, 2020, 2024 என ஐந்து பெரிய புத்தகங்கள், இடையில் இரண்டு சின்னவை. பெரியவற்றில் முதல் நான்கும் ஐந்தைந்து பாகம், ஐந்தாவது பத்து நாள்களாகப் பிரிந்தது. எந்தப் புத்தகம், எந்தப் பாகம் என்று கேட்க வேண்டும். கூடவே, வேறு எந்த வரிசை படித்திருக்கிறார் என்பதையும். ஸ்டார்ம்லைட் முழுக்க முடித்தவர் மிஸ்ட்பார்னைத் தொடாமலே இருக்கலாம். கூட்டத்தில் யார் குறைவாகப் படித்திருக்கிறாரோ, அவருடைய எல்லைதான் அன்றைய பேச்சின் எல்லை.

நிகழ்ச்சியைச் சொல்லாமலே கெடுக்கிற வழிகளும் உண்டு. 'கடைசி நூறு பக்கத்துக்கு வா, அப்புறம் பேசலாம்' என்றால், அதுவரை நம்பியதெல்லாம் புரளப் போகிறது என்று சொல்லிவிட்டீர்கள். 'அவனை ரொம்பப் பிடிச்சிருக்கா? சரி, படி' என்றால் அதைவிட மோசம். புதியவர் ஒருவர் தன் ஊகத்தைச் சொல்லும்போது முடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதும் பதில் சொன்ன கணக்குத்தான். இதற்கு நன்றாக வேலை செய்கிற ஒரு பழக்கம் இருக்கிறது. ஊகம் சரியோ தப்போ, எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எந்த வரியை வச்சுச் சொல்றீக, தம்பி?" அவருக்கும் பேச நிறைய கிடைக்கும், நம் முகத்திலும் ஒன்றும் தெரியாது.

இதே காரணத்தால், பல உலகங்களில் தலைகாட்டும் அந்த ஆளின் பெயரை இந்தக் கட்டுரையும் சொல்லப் போவதில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் கூடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோருக்குமான பேச்சை வளவில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடித்தவர்கள் இரண்டாங்கட்டுக்குப் போய்விடலாம். ஆனால் வளவு திறந்த முற்றம். ஒரு மூலையில் பேசினால் மறுமூலையில் பட்டாலையில் உட்கார்ந்திருப்பவர் காதில் தெளிவாக விழும். போகிறவர்கள் இடைக்கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் தவறு இன்னும் சுலபமாக நடக்கிறது. பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரிகள் தெரிந்துவிடும். ஆகவே ஸ்டார்ம்லைட்டின் மூன்றாவது புத்தகத்தைப் பற்றி என்றால், முதல் வரியில் 'ஓத்பிரிங்கர் முடித்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதி, அடுத்த இருபது வரிகளுக்கு வரிக்கு ஒரு புள்ளி வைத்து, அதற்குக் கீழே விஷயத்தை எழுதுங்கள். நீளமான செய்தியை வாட்ஸ்அப் தானே சுருக்கிவிடும். யாராவது அதை மேற்கோளாக்கிப் பதில் போட்டாலும் எச்சரிக்கை வரிதான் மேலே நிற்கும். ரசிகர்கள் வரைந்த படங்களுக்கு இந்த உத்தி பலிக்காது, ஏனென்றால் படம் நேராகக் கண்ணில் விழும். யார் பக்கத்தில் யார் நிற்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது என்பதே ரகசியமாக இருக்கக்கூடிய நாவல்கள் இவை. டெலிகிராமில் எழுத்தையும் படத்தையும் மூடி அனுப்பும் வசதி இருக்கிறது. படம் பகிர்கிற குழுவுக்கு அதுவே மேல். குழுவின் முகப்புப் படமாகப் பிந்தைய புத்தகத்தின் அட்டையை வைக்காதீர்கள்.

வாங்குவதிலும் வரிசையிலும்

இந்தியாவில் அதிகம் கிடைப்பது பிரிட்டனின் கொலான்ஸ் பதிப்பு. அதில் ஸ்டார்ம்லைட் பெரும் புத்தகங்களின் மெலிந்த அட்டைப் பிரதிகளை இரண்டாகப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள். 'தி வே ஆஃப் கிங்ஸ் பார்ட் ஒன்', 'பார்ட் டூ' இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாவல். 'பார்ட் ஒன்' மட்டும் வாங்கியவர், கதை நடுவில் அறுந்து நிற்கிறது என்று குறைபட்டுக்கொள்வார். 'பார்ட் டூ'வை அடுத்த புத்தகம் என்று நினைத்து, முதல் பாதியைப் படிக்காமலே வாங்கி வருகிறவரும் உண்டு. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது தலைப்போடு நிற்காமல் பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். ஆயிரத்தை ஒட்டி இருந்தால் முழு நாவல். ஐந்நூறு, அறுநூறு என்றால் பாதி.

மெல்லிய புத்தகமாகப் பார்த்துத் தொடங்குவது இன்னொரு பெருந்தவறு. 'மிஸ்ட்பார்ன்: சீக்ரெட் ஹிஸ்டரி' சின்னது, விலையும் குறைவு. ஆனால் மிஸ்ட்பார்ன் முதல் மூன்று நாவல்களின் மிகப் பெரிய ரகசியங்கள் அதில்தான் இருக்கின்றன. 2016இல் மிஸ்ட்பார்னின் ஆறாவது நாவலான 'தி பேண்ட்ஸ் ஆஃப் மோர்னிங்' வெளிவந்தபோதே அதுவும் வந்தது. அந்த நாவலுக்குப் பிறகு படிப்பதே சரி. 'ஆர்கேனம் அன்பவுண்டட்' சிறுகதை, குறுநாவல் தொகுப்பு. தொகுப்பு என்பதால் அறிமுகத்துக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், அதற்குள்ளும் இதே குறுநாவல் இருக்கிறது. 2023இல் வந்த 'தி சன்லிட் மேன்' தனி நாவல் போலத் தெரியும், ஸ்டார்ம்லைட் படித்தபின் படிக்க வேண்டியது.

சின்னதாகத்தான் தொடங்க வேண்டும் என்றால் 'தி எம்பரர்ஸ் சோல்' இருக்கிறது. 2013இல் குறுநாவலுக்கான ஹ்யூகோ விருது பெற்றது, முன்கதை எதுவும் தெரியத் தேவையில்லை. 'ட்ரெஸ் ஆஃப் தி எமரால்ட் சீ'யும் நல்ல வாசல்.

எங்கள் பரிந்துரை இது. மிஸ்ட்பார்ன் முதல் மூன்று, பிறகு 'வார்பிரேக்கர்', பிறகு 'தி வே ஆஃப் கிங்ஸ்', 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்', 'எட்ஜ்டான்சர்', 'ஓத்பிரிங்கர்', 'டான்ஷார்ட்', 'ரிதம் ஆஃப் வார்'. 'வார்பிரேக்கரை' முன்னால் வைப்பதன் பலன் 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸில்' தெரியும். காரணத்தைக் கேட்காதீர்கள். சின்னதுதானே என்று 'எட்ஜ்டான்சரை' விட்டால், 'ஓத்பிரிங்கரில்' சிலர் ஏன் மாறியிருக்கிறார்கள் என்று திகைக்க வேண்டிவரும். மிஸ்ட்பார்னின் இரண்டாம் கட்ட நாவல்கள் நான்கையும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் செருகலாம். அதில் கடைசியான 'தி லாஸ்ட் மெட்டலை' மட்டும் தள்ளிவையுங்கள், மற்ற உலகங்களின் சரக்கு அதில் நிறைய. ஸ்டார்ம்லைட்டின் ஐந்தாவதான 'விண்ட் அண்ட் ட்ரூத்' 2024 டிசம்பரில் வந்தது. திட்டமிட்ட பத்தில் அது பாதிதான். கதை முடிந்துவிட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

'வார்பிரேக்கரை' ஆசிரியரே தன் இணையதளத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதற்காகத் திருட்டு பிடிஎஃப் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் அங்கே எழுதுகாலத்து வரைவுகளையும் வைத்திருக்கிறார், அதனால் இறுதி வடிவத்தைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். பழைய வரைவைப் படித்துவிட்டு 'என் புத்தகத்தில் இப்படி இல்லையே' என்று வாதாடுவது வீண்.

எல்லாமே காஸ்மியர் அல்ல

'ஸ்கைவார்ட்', 'ஸ்டீல்ஹார்ட்', 'தி ரித்மாட்டிஸ்ட்', 'அல்கட்ராஸ்', 'லீஜியன்' இவற்றில் காஸ்மியர் தொடர்பைத் தேடாதீர்கள். பூமி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது காஸ்மியர் இல்லை. 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 4.1 கோடி டாலருக்கு மேல் திரட்டிய, அவர் ரகசியமாக எழுதி வைத்திருந்த நான்கு நாவல்களிலும் மூன்றுதான் காஸ்மியர். ராபர்ட் ஜோர்டான் 2007இல் மறைந்தபின் அவருடைய 'வீல் ஆஃப் டைம்' வரிசையை சாண்டர்சன் மூன்று நாவல்களில் முடித்துக் கொடுத்தார். அது ஜோர்டானின் உலகம்.

சான்று எந்த மட்டம்?

1939 முதல் கம்பன் விழா கண்ட ஊர் காரைக்குடி. மேடையில் வாதம் வைப்பவர் காண்டம், படலம் சொல்லிப் பாட்டை எடுத்துவைக்காமல் தப்ப முடியாது. அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். 'எங்கேயோ படிச்சேன்' செல்லாது.

சான்று மூன்று மட்டம். அச்சிட்ட நாவலில் இருப்பது முதல் மட்டம். வாசகர் சந்திப்புகளில் கேள்விக்கு ஆசிரியர் சொன்ன பதில் இரண்டாவது. ரசிகர்களின் ஊகம் மூன்றாவது. இரண்டாவதை முதலாவதாகச் சொல்வதே அதிகம் நடக்கிறது. நேர்ப்பேச்சில் சொன்னதைப் புத்தகம் எழுதும்போது தான் மாற்றக்கூடும் என்று சாண்டர்சனே சொல்லியிருக்கிறார். அந்தப் பதில்களைத் தொகுத்து வைத்திருக்கும் 'ஆர்கேனம்' தளத்தில், ஒலிப்பதிவிலிருந்து எழுதியது எது, கேட்டவர் நினைவிலிருந்து எழுதியது எது என்று குறித்திருக்கிறார்கள். நினைவிலிருந்து எழுதிய ஒன்றில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கோட்டை கட்டாதீர்கள். தேதியையும் பாருங்கள். 2012இல் சொன்ன பதிலை 2020இல் வந்த நாவல் தாண்டிப் போயிருக்கலாம். 'படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று அவர் நழுவினால் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

'தி வே ஆஃப் கிங்ஸ் பிரைம்' அவர் முன்பு எழுதி ஒதுக்கிய பழைய வடிவம். அதில் நடப்பது எதுவும் இன்றைய கதைக்குச் சான்றாகாது.

உலோகங்களில் வரும் குழப்பம்

மிஸ்ட்பார்ன் பேச்சில் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்த உலகில் சிலர் உலோகத்தை விழுங்கி, வயிற்றுக்குள் 'எரித்து' சக்தி பெறுகிறார்கள். முதல் நாவலின் அடிப்படை உலோகங்கள் எட்டு, அதாவது நான்கு ஜோடி: இரும்பும் எஃகும், வெள்ளீயமும் பியூட்டரும், துத்தநாகமும் பித்தளையும், செம்பும் வெண்கலமும். ஜோடியில் முன்னது தனி உலோகம், பின்னது கலவை. தனி உலோகம் இழுக்கும் வகை, கலவை தள்ளும் வகை. இரும்பை எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தை இழுக்கலாம், எஃகை எரித்தால் தள்ளலாம். வெள்ளீயம் புலன்களைக் கூராக்கும், பியூட்டர் உடம்புக்கு வலுக்கொடுக்கும். துத்தநாகம் அடுத்தவர் உணர்ச்சியைக் கிளறும், பித்தளை தணிக்கும். உலோகம் எரிப்பவரைச் செம்பு மறைக்கும், அப்படி எரிக்கும் மற்றவரை வெண்கலம் காட்டிக்கொடுக்கும்.

பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், காரணத்தோடுதான். செம்பில் துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பித்தளையைச் செம்போடும் வெண்கலத்தை வெள்ளீயத்தோடும் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு கலவையிலும் செம்பு இருக்கிறது. நாவலில் செம்புக்கு ஜோடி வெண்கலம் மட்டுமே. இது மாறினால் 'அந்தக் காட்சியில் அவர் ஏன் கோபத்தைத் தணிக்கவில்லை' என்ற மாதிரி வாதமெல்லாம் தலைகீழாகும்.

'காந்தம் மாதிரி' என்று விளக்குவதும் தவறு. காந்தம் செம்பை இழுக்காது. நாவலில் சுண்டி எறிகிற கிளிப் என்ற சில்லறை, செம்புக் காசு. தள்ளும் திசையும் நம் இஷ்டம் இல்லை. உடம்பின் நடுவிலிருந்து அந்த உலோகத்துக்குப் போகும் நேர்கோட்டில் மட்டும்தான் தள்ளவோ இழுக்கவோ முடியும். எது எளிதில் நகருமோ அது நகரும். அந்தரத்தில் இருக்கும் காசைத் தள்ளினால் காசு பறக்கும். அதே காசு தரையில் முட்டி நின்றுவிட்டால், தள்ளியவர் மேலே கிளம்புவார். பக்கவாட்டில் போக வேண்டும் என்றால் சாய்வான இடத்தில் இன்னொரு உலோகம் வேண்டும். சண்டைக் காட்சியைப் பற்றி வாதாடும் முன் ஒரு தாளில் ஆளையும் காசுகளையும் புள்ளியாக வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள், பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதி வாதத்துக்கு, அவர் வயிற்றில் அந்த உலோகம் இன்னும் மிச்சம் இருந்ததா என்று பக்கத்தைப் புரட்டுங்கள். எரித்தால் தீர்ந்துபோகும்.

பெயர் தெரியாத ஒரு சக்தியைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கும் ஊகங்கள் சாண்டர்சன் விஷயத்தில் அநேகமாகப் பலிப்பதில்லை. வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அவரே வகுத்து வெளியிட்ட விதி.

அத்தியாயத் தலையில் இருக்கும் சாய்வெழுத்து வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். 'தி வே ஆஃப் கிங்ஸ்' நாவலின் ஐந்து பாகங்களில் முதல் பாகத்தில் அவை சாகும் தறுவாயில் இருப்பவர்களின் சொற்கள். இரண்டாம் பாகத்தில் ஒரே கடிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார். அந்தப் பாகம் முடிந்ததும் துண்டுகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒரே மூச்சில் படியுங்கள். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் 'ஆர்ஸ் ஆர்கேனம்' பின்னிணைப்பை மட்டும் முதலில் புரட்டக் கூடாது. அதை எழுதியிருப்பது அந்தப் பிரபஞ்சத்துக்குள்ளேயே வாழும் ஓர் ஆய்வாளர். அவருக்குத் தெரிந்த அளவுதான் அதில் இருக்கும், சில இடங்களில் ஊகிப்பதாக அவரே எழுதுகிறார். அதை ஆசிரியர் தீர்ப்பாக மேற்கோள் காட்டினால், எதிர்த்தரப்பு அந்த வரியையே எடுத்துக் காட்டிவிடும்.