இடை 4 கிலோமீற்றர், அங்கே ஒரு பிள்ளையும் இல்லை

தரம் 8 இல் இடை, இடையம், ஆகாரம், வீச்சு படிப்பிக்கும்போது நாங்கள் விடுகிற முதல் பிழை, எடுத்தவுடன் கூட்டிப் பிரிக்கச் சொல்வது. பிள்ளை விடையை எடுத்துவிடும். அது எதைக் காட்டுகிறது என்று கேட்டால் முழிக்கும். மூன்று சிரட்டைகளில் 3, 7, 2 என்று புளியங்கொட்டை போட்டு, மூன்றும் சமமாகும்வரை மாற்றச் சொல்லுங்கள். நான்கு நான்காக வந்து நிற்கும். அதுதான் இடை, அதாவது சராசரி. பிரித்தல் பிறகு வரட்டும்.

ஏழு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரும் தூரம் 2, 3, 2, 15, 1, 2, 3 கிலோமீற்றர் என்று வைப்போம். இடை 4. ஆனால் 4 கிலோமீற்றரிலிருந்து யாருமே வரவில்லை. உள்ளுக்கிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பிள்ளையின் 15 தான் இடையைத் தூக்கிவிட்டது. ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் வரும் எண், அதாவது இடையம், 2. எழுதாமல் நடுவிலிருப்பதை எடுத்தால் 15. வேண்டுமென்றே இப்படிக் கலைத்துக் கொடுங்கள். ஒழுங்காக அடுக்கிய எண்களையே கொடுத்துவந்தால் இந்தப் பிழை பரீட்சைவரை ஒளிந்திருக்கும்.

ஆகாரம் என்றதும் பிள்ளைக்குச் சாப்பாடுதான் ஞாபகம் வரும். இங்கே அது கூடிய தடவை வரும் எண் என்று முதலில் விளக்க வேண்டும். அடுத்த பொறி: 2 மூன்று தடவை வருவதால் ஆகாரம் 3 என்று எழுதுவார்கள். “மூன்று கிலோமீற்றரா, மூன்று பிள்ளைகளா?” என்று கேட்டால் தாங்களே திருத்துவார்கள்.

மழைக் கணக்கில் இடை எடுக்கும்போது மழை பெய்யாத நாள் 0, அது நாட்களின் எண்ணிக்கையில் சேரும். அளக்காமல் விட்ட நாளுக்கு 0 போடக்கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வீச்சை, அதாவது மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை, கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுவது. வன்னிப் பிள்ளைக்கு அது வயலிலேயே இருக்கிறது. நான்கு காலபோகங்களில் (மாரிமழை நெற்செய்கையில்) ஒரு வயல் ஏக்கருக்கு 19, 20, 20, 21 மூட்டை. மற்றது 5, 35, 10, 30. இரண்டிலும் இடை 20, இடையமும் 20. வடகீழ்ப் பருவமழை பொய்த்தாலும் வெள்ளமாக வந்தாலும் என்ன நடக்கும் என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கடன்பட்டு விதைப்பதென்றால் எந்த வயல் என்று கேளுங்கள், வாதாட விடுங்கள். வீச்சை “5 முதல் 35” என்று எழுதாமல் கழித்து 30 என்று எழுதவேண்டும், மற்றதற்கு 2 என்பதை அதன்பிறகு சொன்னால் போதும்.